விளக்கைத் தேடி மீன் வருகிறதே, அது நல்லதுதானே?

மாலத்தீவில் ஒரு விடுதியில் தங்கியபோது, படகுத்துறைக்கு அடியில் விளக்கைப் போட்டதும் கொஞ்ச நேரத்திலேயே மீன்கள் மொய்த்துக்கொண்டதையும், அங்கே வேலை செய்பவர் "மீன்களுக்கு வெளிச்சம் ரொம்பப் பிடிக்கும்" என்று சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள். பவளப்பாறை அந்தத் துறையை ஒட்டியே இருந்தது என்கிறீர்கள். ஆனால் இரவு வெளிச்சம் பவளப்பாறை மீன்களைக் கெடுக்கிறது என்று எங்கோ படித்ததாகவும் சொல்கிறீர்கள். இதில் எது சரி, நான் இரவில் டார்ச் அடித்துக்கொண்டு நீந்தியது தப்பா என்பது உங்கள் கேள்வி. டார்ச் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். முதல் கேள்விக்குப் பதில் கொஞ்சம் நீளும்.

அந்த ஊழியர் பொய் சொல்லவில்லை, மீன்கள் வரத்தான் செய்தன. ஆனால் வந்தது யார் என்று உற்றுப் பார்த்தீர்களா? விளக்கின் நடுவில் தூசி மாதிரி சுற்றுவது மிதவை உயிரிகள், அதாவது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் குட்டி இறால் வகைகள், நண்டுக் குஞ்சுகள், மீன் குஞ்சுகள். அதைத் தின்ன விரல் நீள மீன்கள் வரும். அதைத் தின்ன, வெளிச்சம் முடிகிற ஓரத்தில், பாதி இருட்டில், பாரை, சீலா மாதிரி வேட்டை மீன்கள் நின்றுகொண்டிருக்கும். பந்திக்கு வந்தவர் யார், இலையில் இருப்பது யார் என்று பிரித்துப் பார்க்காமல் "நல்ல கூட்டம்" என்று சொல்வது போலத்தான் அந்தப் பேச்சு.

முதலில் ஒரு அளவு மனதில் இருக்க வேண்டும், வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். நடுப்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் பக்கம் வரும். பௌர்ணமி நிலவு உச்சியில் இருக்கும்போதுகூட 0.3 லக்ஸைத் தாண்டுவது அபூர்வம், பெரும்பாலும் 0.1 பக்கம்தான். நிலா இல்லாமல் நட்சத்திரம் மட்டும் இருக்கிற வானம் என்றால் 0.001 அல்லது அதற்கும் கீழே. நம் தெருவிளக்குக்கு நேர் கீழே நின்றால் 10, 20 லக்ஸ் இருக்கும். நமக்கு அது மங்கல்தான், பேப்பர் படிக்கக் கண்ணைச் சுருக்க வேண்டும். ஆனால் அமாவாசையையும் பௌர்ணமியையும் வித்தியாசம் கண்டுபிடித்து அதன்படி வாழ்கிற ஒரு உயிருக்கு, அது பௌர்ணமியைவிட நூறு மடங்கு வெளிச்சம், அதுவும் தினமும், தேயாமல், மறையாமல். "கொஞ்சூண்டு வெளிச்சம்தானே" என்று நாம் சொல்வது நம் கண்ணின் கணக்கு.

பவளப்பாறை மீன்கள் இருட்டை எவ்வளவு நுணுக்கமாகப் பயன்படுத்துகின்றன என்பதற்கு அந்தி நேரம்தான் நல்ல உதாரணம். தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கத்து மீனவர்கள் பவளப்பாறை இருக்கிற இடங்களைப் 'பார்' என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன், எழுதச் சுலபம். பாரில் பகலில் திரிவது ஒரு கூட்டம், இரவில் திரிவது வேறு கூட்டம். சூரியன் மறைந்ததும் வண்ணத்துப்பூச்சி மீன், கிளி மீன் எல்லாம் ஒவ்வொன்றாக இடுக்குக்குள் போய்விடும். சில வகைகள் மணலுக்குள் புதைந்துகொள்ளும். அப்புறம் உடனே இரவுக் கூட்டம் வெளியே வருவதில்லை. நடுவில் 15, 20 நிமிடம் பாருக்கு மேலே யாருமே இல்லாத ஒரு நேரம் உண்டு. 1970களின் தொடக்கத்தில் ஹவாய்ப் பார்களில் எட்மண்ட் ஹாப்சன் என்கிற அமெரிக்க ஆய்வாளர் இதை ஒவ்வொரு மீனாகக் கவனித்து எழுதி வைத்திருக்கிறார். அந்த நேரத்தில் பகல் மீனின் கண்ணுக்கு வெளிச்சம் போதாது, இரவு மீனின் கண்ணுக்கு வெளிச்சம் அதிகம், ஆனால் அடியில் பதுங்கியிருந்து மேலே பார்த்துப் பாய்கிற வேட்டை மீனுக்கு மட்டும் அது கச்சிதமான வெளிச்சம். அதனால்தான் இரண்டு கூட்டமும் அந்த நேரத்தைத் தவிர்க்கின்றன. அது முடிந்ததும் பெரிய கண்ணும் சிவப்பு உடம்பும் கொண்ட இரவு மீன்கள் இடுக்கை விட்டு வெளியே வரும்.

இப்போது அங்கே ஒரு விளக்கை நட்டு வைத்தால் என்ன ஆகும்? அந்த 15 நிமிட அந்தி, ராத்திரி முழுக்க நீடிக்கும். வேட்டை மீனுக்குச் சாதகமான அந்த மங்கல் வெளிச்சம் முடியவே முடியாது. உங்கள் படகுத்துறையில் வெளிச்சத்தின் ஓரத்தில் சீலா நிற்பது இதனால்தான்.

சரி, வேட்டை ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு இதில் ஆர்வம் வந்தது வேறு வழியில். வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன், அதில் ஒரு ஜோடி கோமாளி மீன். ஆரஞ்சு உடம்பில் மூன்று வெள்ளைப் பட்டை, கடல் சாமந்தி என்கிற, பூ மாதிரி இருக்கிற கடல் பிராணியின் கொடுக்குகளுக்குள் வாழ்கிறதே, அதுதான். அவை ஒரு மண்சட்டி ஓட்டின் பக்கவாட்டில் முட்டை வைக்கும். முதல் நாள் பார்த்தால் ஆரஞ்சு நிறத்தில், அரிசியைவிடச் சிறியதாக, வரிசையாக ஒட்டியிருக்கும். ஆண் மீன் பக்கத்திலேயே நின்று செட்டையால் விசிறிக்கொண்டே இருக்கும், பழுதான முட்டையைப் பொறுக்கி எடுத்துவிடும். நாள் போகப் போக முட்டை கறுத்து, ஆறு ஏழு நாளில் உள்ளே வெள்ளி நிறத்தில் இரண்டு கண் தெரியும். அத்தனை முட்டையிலிருந்தும் அத்தனை கண்கள் உங்களைப் பார்க்கும், கொஞ்சம் பயமாகக்கூட இருக்கும். எட்டாம் நாள் இரவோ அதை ஒட்டியோ பொரிய வேண்டும்.

எனக்கு முதல் மூன்று தடவை பொரியவே இல்லை. கண் நன்றாகத் தெரிந்தது, ஆண் மீன் விசிறியது, தண்ணீரில் எந்தக் குறையும் இல்லை, ஆனால் ஒன்பதாம் நாள், பத்தாம் நாள் என்று போய், முட்டைக்குள்ளேயே குஞ்சு செத்து வெளுத்துவிட்டது. எத்தனையோ பேரிடம் கேட்டு, என்னென்னவோ மாற்றிப் பார்த்து, கடைசியில் நீண்ட நாளாகக் கோமாளி மீன் வளர்க்கிற ஒருவர் ஒரே கேள்வி கேட்டார்: "ராத்திரி லைட்டை முழுசா அணைக்கிறீங்களா?" நான் அணைப்பதில்லை. தொட்டி விளக்கில் 'நிலா வெளிச்சம்' என்று ஒரு நீல விளக்கு உண்டு, பார்க்க அழகாக இருக்கிறது என்று விடிய விடிய எரியவிட்டிருந்தேன். நான்காவது தடவை, எட்டாம் நாள் மாலை விளக்கை அணைத்து, தொட்டியைச் சுற்றிக் கறுப்புப் போர்வை போட்டேன். ஒரு மணி நேரம் கழித்துப் போர்வையை ஒரு மூலையில் மட்டும் விலக்கி, சின்ன டார்ச்சைக் காட்டினேன். நாலைந்து மில்லிமீட்டர் நீளத்தில், கண்ணாடித் துண்டுக்குக் கண் வைத்த மாதிரி, அந்த மூலையில் குஞ்சுகள் துடித்துக்கொண்டு மேலே வந்தன. கிண்ணத்தால் மொண்டு எடுத்தேன்.

ஒரு தொட்டியில் நடந்ததை வைத்து அறிவியல் பேசக்கூடாது என்று எனக்கும் தெரியும். ஆனால் இதைச் சரியாகச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் எமிலி ஃபோபர்ட் குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வு அது. இதே கோமாளி மீன்கள் பத்து ஜோடி. ஐந்து ஜோடிக்கு இயல்பான இருட்டு, ஐந்து ஜோடிக்கு இரவு முழுக்க மேலே எல்இடி, சுமார் 26 லக்ஸ், அதாவது கடற்கரை விளக்குக்கு அடியில் தண்ணீர் மேல் விழக்கூடிய அளவு. 60 நாள் பார்த்தார்கள். முட்டை வைப்பதில் இரண்டு பக்கமும் வித்தியாசம் இல்லை, முட்டை கருவுறுவதிலும் இல்லை. ஆனால் விளக்கின் கீழ் இருந்த முட்டைகளில் ஒன்றுகூடப் பொரியவில்லை. குறைவாகப் பொரிந்தது என்றால் பரவாயில்லை, பூஜ்யம். விளக்கை எடுத்த பிறகு அதே ஜோடிகள் வைத்த முட்டைகள் வழக்கம் போலப் பொரிந்தன.

இந்தக் கடைசி விஷயம் முக்கியம். அந்த மீன்களுக்கு நோயோ மலட்டுத்தன்மையோ எதுவும் வரவில்லை. பொரிவதற்கு அந்தக் கருவுக்கு இருட்டு என்கிற ஒரு சைகை வேண்டும், அது வரவில்லை, அவ்வளவுதான். இப்படி ஒரு ஏற்பாடு எதற்கு என்று யோசித்தால் எளிது. பகலில் பொரிந்து மேலே வந்தால், மிதவை உயிரிகளைத் தின்கிற நூறு வாய்கள் காத்திருக்கும். இருட்டின முதல் சில மணி நேரத்தில் பொரிந்தால், யாரும் பார்ப்பதற்குள் நீரோட்டத்தோடு பவளப்பாறையை விட்டு வெளியே போய்விடலாம். கரு உள்ளே தயாராக உட்கார்ந்துகொண்டு "இருட்டிவிட்டதா, இருட்டிவிட்டதா" என்று காத்திருக்கிறது. நீங்கள் விளக்கை அணைக்கவில்லை என்றால் காத்திருந்தே செத்துப்போகிறது. மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்தில் பல வருடமாகக் கோமாளி மீன் குஞ்சு எடுக்கிறார்கள். இந்தத் தொழிலில் இருக்கிற யாரைக் கேட்டாலும் பொரிகிற ராத்திரி இருட்டு வேண்டும் என்பது அவர்களுக்கு அரிச்சுவடி. அதையே கடலோடு சேர்த்து யோசிக்கத்தான் நமக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

இன்னொன்றைக் கவனித்தீர்களா? முட்டைக்குள் இருக்கும்வரை வெளிச்சத்தில் வெளியே வர மறுக்கிற அதே குஞ்சு, வெளியே வந்த பிறகு என் டார்ச்சை நோக்கி ஓடி வந்தது. இது என் தொட்டியில் மட்டும் நடப்பதில்லை, குஞ்சு பொரிப்பவர்கள் எல்லோரும் இப்படி ஒரு மூலையில் விளக்குக் காட்டித்தான் மொள்கிறார்கள். விஞ்ஞானிகள் மீன் குஞ்சுகளைப் பிடித்து எண்ணுவதற்கு வைக்கிற பொறிகூட தண்ணீரில் மிதக்கிற ஒரு விளக்குப் பெட்டிதான். அந்த வயதில் வெளிச்சம் என்றால் இழுப்பு. உங்கள் விடுதி ஊழியர் "பிடிக்கும்" என்று சொன்னது இதைத்தான். என் வீட்டில் மொண்டு எடுக்கக் கிண்ணம் இருந்தது, கடலில் அந்த வேலையைச் செய்ய வேறு வாய்கள் இருக்கின்றன.

இதையும் பார்த்திருக்கிறார்கள், பசிபிக் கடலின் பிரெஞ்சு பாலினேசியாவில் மூரேயா என்று ஒரு தீவு, தாஹித்திக்குப் பக்கத்தில். சுற்றிலும் பார், நடுவில் ஆழமில்லாத காயல், ஆய்வு நிலையமும் அங்கேயே இருப்பதால் இந்த விஷயத்தில் உலகத்திலேயே அதிகம் வேலை நடந்த இடங்களில் அதுவும் ஒன்று. அங்கே உடம்பில் கறுப்புப் பட்டைகளோடு பழைய காலத்துச் சிறைக் கைதி சட்டை மாட்டிய மாதிரி ஒரு மீன் உண்டு, வாலடியில் கத்தி போல ஒரு முள் இருக்கும், பாசி தின்னும். இதன் குஞ்சுகள் திறந்த கடலில் வளர்ந்து, ஒரு ராத்திரி அலையோடு பவளப்பாறையைத் தாண்டிக் காயலுக்குள் நுழையும். அப்படி நுழைந்த புதுக் குஞ்சுகளைப் பிடித்து, இருட்டான இடமா வெளிச்சமான இடமா என்று தேர்ந்தெடுக்க விட்டபோது அவை வெளிச்சத்தைத்தான் தேர்ந்தெடுத்தன. சில நாள் இரவு வெளிச்சத்திலேயே வளர்த்தபோது, இருட்டில் வளர்ந்தவற்றைவிட வேகமாக வளர்ந்து எடையும் கூடின. இதோடு நிறுத்தினால் "பார்த்தீர்களா, வெளிச்சம் நல்லது" என்று சொல்லிவிடலாம். ஆனால் அவற்றை வேட்டை மீன்களோடு விட்டபோது, வெளிச்சத்தில் வளர்ந்த குஞ்சுகள்தான் அதிகமாக வாய்க்குள் போயின. இதுவும் 2019இல் வந்த ஆய்வுதான்.

"வேகமாக வளர்ந்ததே" என்று அங்கே ஒரு சின்னக் குழப்பம் வரும். அதே மூரேயாவில் இன்னொரு வேலை, 2021இல் வெளிவந்தது. இதில் தொட்டி கிடையாது, கடலிலேயே, கடல் சாமந்தியில் குடியிருக்கும் ஆரஞ்சுச் செட்டைக் கோமாளி மீன் குட்டிகளை எடுத்து, சிலவற்றுக்கு மேல் இரவு விளக்கு, சிலவற்றுக்கு இயல்பான நிலா வெளிச்சம் மட்டும் என்று பிரித்து, 18 முதல் 23 மாதம் வரைக்கும் விட்டுப் பார்த்தார்கள். இவ்வளவு நாள் பொறுமையாகப் பார்ப்பது இந்தத் துறையில் அபூர்வம். விளக்கின் கீழ் இருந்தவை சாகும் வாய்ப்பு 36 சதவீதம் அதிகம், உயிரோடு இருந்தவையும் 44 சதவீதம் குறைவாகத்தான் வளர்ந்திருந்தன. பத்து நாளில் ஊதி நிற்பதும் இரண்டு வருடத்தில் குறுகிப்போவதும் ஒன்றுக்கொன்று முரண் என்று நான் நினைக்கவில்லை. கோமாளி மீன் தன் சாமந்தியை விட்டு நகராது. சில அடி தள்ளிப் போனால் இருட்டு இருக்கிறது என்றாலும் போக முடியாது, போனால் வேறு ஏதாவது தின்றுவிடும். விளக்கு இருக்கிற வீட்டில் பிறந்தால் விளக்கோடுதான் காலம் தள்ள வேண்டும். ஓய்வில்லை, ராத்திரியும் விழித்திருக்கிறது, தின்றது எல்லாம் அதிலேயே செலவாகிவிடுகிறது என்பதுதான் பொருத்தமான விளக்கமாக எனக்குப் படுகிறது.

மீன் தூங்குமா என்று அடுத்து கேட்பீர்கள். தூங்கும், இமை இல்லாததால் நமக்குத் தெரிவதில்லை. கிளி மீன்களில் சில வகைகள் வாயிலிருந்து கோழை மாதிரி ஒன்றைச் சுரந்து, உடம்பைச் சுற்றி ஒரு பை கட்டிக்கொண்டு அதற்குள் தூங்கும். இரவில் இரத்தம் உறிஞ்ச வரும் குட்டி ஒட்டுண்ணிகளிடமிருந்து அந்தப் பை காப்பாற்றுகிறது, நம் கொசுவலைதான். செங்கடலில், கிளைவிட்ட பவளத்துக்குள் கூட்டமாக ஒடுங்கும் ஒரு சின்ன மீன், தூங்கிக்கொண்டே செட்டையை அசைத்துக்கொண்டிருக்கும், பகலில் அசைப்பதைவிட வேகமாகவே. இரவில் பவளக் கிளைகளுக்கு நடுவே ஆக்சிஜன் குறைந்துவிடும், இந்த விசிறல் புதுத் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. அதாவது மீனின் தூக்கம் பவளத்துக்கும் மூச்சு. அப்புறம், நம் உடம்பில் போலவே மீனுக்கும் இரவு வந்ததைச் சொல்வது மெலடோனின் என்கிற ஹார்மோன்தான். அதைச் சுரக்கும் மூளைப் பகுதி, மீன்களில் மண்டை ஓட்டின் வழியாக வரும் வெளிச்சத்தைத் தானே நேரடியாக உணரும். கண் மட்டும் இருட்டில் இருந்தால் போதாது, உச்சந்தலையும் இருட்டில் இருக்க வேண்டும்.

இங்கே நிலாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் "வெளிச்சமே விஷம்" என்று தவறாகப் புரிந்துகொள்வீர்கள். அதே மூரேயாவில் நியூசிலாந்தின் ஜெஃப்ரி ஷீமாவும் ஆஸ்திரேலியாவின் ஸ்டீபன் ஸ்வேரரும், ஆறு பட்டை உள்ள ஒரு சின்னப் பார் மீனின் காதுக்கல்லை எடுத்துப் பார்த்தார்கள். மீனின் காதுக்குள் ஒரு குட்டிக் கல் உண்டு, மரத்தின் வளையம் வருடத்துக்கு ஒன்று என்றால், இந்தக் கல்லில் குஞ்சுப் பருவத்தில் நாளுக்கு ஒரு வளையம். எந்த ராத்திரி எவ்வளவு வளர்ந்தது என்று எண்ணிவிடலாம். நிலா வெளிச்சம் இருந்த இரவுகளில், அதிலும் முன்னிரவு இருட்டாக இருந்து நடு இரவுக்கு மேல் நிலா எழும் தேய்பிறை நாட்களில், குஞ்சு அதிகம் வளர்ந்திருந்தது. அவர்கள் தரும் விளக்கம் எனக்குப் பிடிக்கும். முன்னிரவு இருட்டில் ஆழத்திலிருந்து சின்ன இரை மேலே வருகிறது. அதன் பின்னாலேயே ஆழ்கடல் மீன்களும் மேலேறி வர வேண்டும், ஆனால் அந்த நேரம் பார்த்து நிலா எழுந்து அவற்றைத் தடுத்துவிடுகிறது. மீன் குஞ்சுக்குத் தின்ன இரை இருக்கிறது, தன்னைத் தின்ன வருபவன் இல்லை. வெளிச்சம் எந்த மணிக்கு வருகிறது, எந்த மணிக்குப் போகிறது என்பதில் அவ்வளவு கணக்கு இருக்கிறது. நிலாவுக்கு வளர்பிறை உண்டு, தேய்பிறை உண்டு. சோலார் விளக்குக்கு ஏது அமாவாசை?

நிலாவை வைத்து நேரம் பார்ப்பது மீன் மட்டுமா என்றால், பவளமே அப்படித்தான். 2023இல் உலகம் முழுக்கவிருந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பவள முட்டையிடல் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்ததில், விளக்கு வெளிச்சம் விழும் பார்களில் முட்டையிடல் ஒன்று முதல் மூன்று நாள் வரை பௌர்ணமியை நெருங்கி நடக்கிறது என்று தெரிந்தது. பௌர்ணமி கழிந்ததும், சூரியன் மறைவதற்கும் நிலா எழுவதற்கும் நடுவே தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நீள்கிற ஒரு இருட்டு இடைவெளி இருக்கிறது, பவளம் அதைத்தான் சைகையாக எடுத்துக்கொள்கிறது, விளக்கு அதைக் குழப்பிவிடுகிறது. பக்கத்துப் பாரில் ஒரு நாளும் இந்தப் பாரில் வேறு நாளும் முட்டை விட்டால் இரண்டும் கலக்காது. உங்கள் கேள்வி மீன் பற்றியது என்பதால் இதை இத்தோடு விடுகிறேன்.

வேட்டை மீன் கூடுகிறது என்று மேலே சொன்னதற்கும் ஆதாரம் வேண்டும் இல்லையா. மூரேயாவிலும், செங்கடலின் வட முனையிலும் பாரில் விளக்கை நட்டு, மீன் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சத்தில் கேமரா வைத்து ராத்திரியில் பார்த்தார்கள், 2024 கடைசியில் வெளிவந்தது. விளக்கு இருந்த இடத்தில் வேட்டையாடும் மீன்கள் கூடியிருந்தன, இரவில் அங்கே இருக்க வேண்டிய கூட்டத்தின் கலவையே மாறியிருந்தது. செங்கடல் முனை இதற்குப் பொருத்தமான இடம். அங்கே இஸ்ரேலின் ஐலாத் நகரமும் ஜோர்டானின் அகபா நகரமும் எதிரெதிராக நின்று அந்தச் சின்ன வளைகுடாவுக்கு இரண்டு பக்கமும் சரம் போட்ட மாதிரி விளக்கெரிக்கின்றன, பாரோ கரையை ஒட்டியே இருக்கிறது. பார் இல்லாத சிட்னி துறைமுகத்தில்கூட, படகுத்துறைக்கு அடியில் எல்இடி போட்டபோது இரவில் மீன்களின் வேட்டை பகலைப் போல ஆகிவிட்டதை 2017இல் காட்டியிருக்கிறார்கள்.

எல்இடி என்றதும் ஞாபகம் வருகிறது. பழைய சோடியம் விளக்கு நல்லதா, புதுசு கெட்டதா என்று நிறையப் பேர் கேட்பார்கள். பழையது நல்லது என்று சொல்ல மாட்டேன், ஆனால் வித்தியாசம் உண்டு. கடல்நீர் சிவப்பையும் ஆரஞ்சையும் மேலேயே குடித்துவிடும், நீலத்தை மட்டும் ஆழத்துக்கு விடும், அதனால்தான் கடலே நீலம். சோடியம் விளக்கு ஆரஞ்சு. வெள்ளை எல்இடியின் உள்ளே நீலம் நிறைய இருக்கிறது. மின்சாரம் மிச்சம் என்று நாம் மாற்றிய விளக்கு, தற்செயலாக, தண்ணீருக்குள் அதிக ஆழம் போகிற நிறத்தில் அமைந்துவிட்டது. 2021இல் உலகக் கடலோரம் முழுவதற்கும் ஒரு வரைபடம் போட்டார்கள். ஒரு மீட்டர் ஆழத்தில் உயிர்களைப் பாதிக்கும் அளவு விளக்கு வெளிச்சம் இருக்கிற கடல் சுமார் 19 லட்சம் சதுர கிலோமீட்டர், 20 மீட்டர் ஆழத்திலும் 8 லட்சத்துக்கு மேல். பார்களில் நிறைய அந்த ஆழத்துக்குள்தான் இருக்கின்றன.

நம் ஊர்ப் பக்கம் வருவோம். விளக்கு வைத்து மீன் பிடிப்பது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதையும் கரை விளக்கையும் குழப்பிக்கொள்கிறார்கள். படகில் ஜெனரேட்டர் வைத்து, சக்தி வாய்ந்த எல்இடி விளக்குகளைத் தண்ணீர் மேல் அடித்து, வருகிற மீனை மொத்தமாக வளைப்பதை 2017 நவம்பரில் மத்திய அரசு தடை செய்தது. அதில் சிக்குவது முக்கியமாக மத்தி, நெத்திலி, கணவாய் போன்ற திறந்த கடல் கூட்டங்கள், பார் மீன்கள் கதை வேறு. ஆனால் அடிப்படை ஒன்றுதான், நிலா இல்லாத இருட்டில்தான் விளக்குக்கு மதிப்பு. இது நம் மீனவர்களுக்குப் பள்ளிக்கூடம் போய்த் தெரிய வேண்டியதில்லை, நிலவுக் காலத்தில் வலையில் எப்படி விழும், இருட்டுக் காலத்தில் எப்படி விழும் என்று சொல்லாத கரையூர்க்காரர் உண்டா? மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 தீவுகளைச் சுற்றி இருக்கிற பார்கள் பெரும்பாலும் சில மீட்டர் ஆழத்திலேயே இருக்கின்றன, இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆழத்தில் சோடியம், எல்இடி என்ற நிற வித்தியாசமெல்லாம் பெரிதாக உதவாது, இரண்டுமே அடிவரை போகும். ஆமைக் குஞ்சு விளக்கைப் பார்த்துக் கடலுக்குப் பதில் ரோட்டுக்குப் போவது நமக்குத் தெரிகிறது, அதற்காகச் சென்னைக் கடற்கரையில் ராத்திரி நடந்து போய் முட்டைகளை எடுத்துப் பாதுகாக்கிறார்கள். மீன் குஞ்சு தண்ணீருக்குள்ளேயே வழி தவறுவதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

அந்த விடுதிக்கு எழுதலாமா என்று கேட்டால், எழுதுங்கள், ஆனால் "எல்லா விளக்கையும் அணையுங்கள்" என்று எழுதினால் குப்பைக்குப் போகும், படகு வருகிற இடத்தில் கால் தடுக்கி விழுவார்கள். தண்ணீருக்கு அடியில் அழகுக்காக வைத்த விளக்கு ஒன்றுதான் முதலில் போக வேண்டியது, அதனால் யாருக்கும் வழி தெரிவதில்லை. மேலே இருப்பதற்கு மூடி போட்டு நடைபாதையில் மட்டும் விழும்படி திருப்பலாம், ஆள் நடந்தால் மட்டும் எரிகிற மாதிரி வைக்கலாம். இருட்டின முதல் மூன்று நான்கு மணி நேரத்துக்குத் துறை ஓரத்தை இருட்டாக விட்டாலே பொரிகிற முட்டைக்கு வழி கிடைக்கும் என்பது என் கருத்து. விருந்தாளிகள் வேடிக்கை பார்ப்பதும் அதே நேரம்தான் என்பது அவர்கள் சிக்கல். எண்ணெய்க் கசிவையோ சூடாகிற கடலையோ ஒரு ராத்திரியில் சரிசெய்ய யாராலும் முடியாது. இந்த ஒன்றை மட்டும் ஒரு சுவிட்சால் முடியும், அந்தப் பத்து ஜோடி மீன்கள் அதைத்தான் காட்டின.

இப்போது டார்ச். ஒரு ராத்திரி, ஒரு மணி நேரம், கையில் ஒரு டார்ச்சோடு நீந்தியதால் பார் கெட்டுப்போகாது, அதற்காக மனசை வருத்திக்கொள்ள வேண்டாம். மேலே சொன்ன கெடுதல்கள் எல்லாம் ஒரே இடத்தில் நாள்கணக்கில், மாதக்கணக்கில் எரிகிற விளக்கால் வந்தவை. ஆனால் அடுத்த தடவை போகும்போது வெளிச்சத்தைக் குறைத்து வையுங்கள், தூங்குகிற மீனின் முகத்தில் நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். இன்னொன்று, டார்ச்சோடு நீந்தும்போது பக்கத்திலேயே ஒரு பாரை மீன் கூட வருவதைச் சில நேரம் பார்ப்பீர்கள், நாய்க்குட்டி மாதிரி. நட்பாக வருகிறது என்று நினைத்துக்கொண்டு நீங்கள் எந்தச் சின்ன மீனைக் காட்டுகிறீர்களோ, அதை அது தின்றுவிடும். அப்படி ஒன்று பின்னால் வந்தால், கொஞ்ச நேரம் டார்ச்சை அணைத்துவிட்டு அப்படியே மிதந்துகொண்டிருங்கள், அது போய்விடும்.